மட்டாஞ்சேரியில் நான் பார்க்காத வெள்ளிக்காசு

போன செவ்வாய்க்கிழமை கொச்சிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, மன்னிப்புக் கேட்க. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்த ராஜனும் என்னைப் போலப் பழங்காசுப் பைத்தியம். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் பேரரசன் தலை, மறுபக்கம் சுக்கான் பிடித்து நிற்கும் அதிர்ஷ்ட தேவதை ஃபோர்ச்சுனா. படம் அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். தேவதையின் தோளில் ஒரு கோடு புடைத்திருந்தது. அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்ததால் வந்த குறை என்று நினைத்து, பெரிய மேதாவி மாதிரி ‘போலி’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

போன மாதம் கோவையில் ஒருவரிடம் அதே அச்சில் அடித்த காசைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அசல் வெள்ளி, தோளில் அதே கோடு. அச்சிலேயே விரிசல் இருந்திருக்கிறது, ராஜனுடையதும் அசல்தான். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று கிளம்பினேன்.

காலை 10.20க்கு எர்ணாகுளம். உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகு, நாற்பது ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது. பழம்பொருள் கடைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று ஓட்டுநரே முடிவு செய்துவிட்டார். நண்பர் வீட்டுக்கு என்றதும் மழையோடு மழையாக வாசலிலேயே இறக்கிவிட்டார்.

உள்ளே ராஜனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாரடைப்பு, இரண்டு மாதமாகிறதாம். அவர் மனைவி லலிதா சாயா கொடுத்தார். காசைப் பற்றி நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“நெத்தியில ஒரு ரூபா வெக்கறதுதான் வழக்கம். போலின்னு நீங்க சொன்னதுக்கப்பறம் அவர் அதை யாருக்கும் காட்டல. ஆனா அதுமேல பெரிய இஷ்டமாக்கும். கூடவே போகட்டேன்னு அதையே நெத்தியில வெச்சு அனுப்பிட்டேன். தப்பில்லையே அண்ணா?”

தப்பில்லை என்றேன். அது அசல் என்று சொல்லவில்லை.

திரும்பும் படகில் ஒன்று நினைவுக்கு வந்தது. ரோமானியர்களும் இறந்தவர் வாயில் காசு வைப்பார்கள், மறுகரைக்குப் போகப் படகுக்கூலியாக. அதை நினைத்துக் கொஞ்சமும் ஆறுதல் வரவில்லை.

போகிறவர்களுக்கு: இந்த மாதங்களில் குடை இல்லாமல் போகாதீர்கள். எந்தக் காசையும் படத்தைப் பார்த்துப் போலி என்று சொல்லாதீர்கள். லலிதா வீட்டில் தமிழ்தான் பேசுகிறார், ஆனால் படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.