வசனமில்லாத எட்டு நிமிஷம்

பிறவியிலேயே காது கேளாத என் அண்ணாவை இன்றைக்கு மாட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனேன். எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிற அந்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம்தான்.

போன வாரமே நான் பார்த்தாயிற்று. நடுவில் எட்டு நிமிஷம் யாரும் வாய் திறப்பதில்லை. விண்கலத்தில் இரண்டு ஹெல்மெட். ஒன்றின் கண்ணாடியில் மட்டும் மூச்சு பனிக்கிறது. இன்னொருவன் செத்துவிட்டான் என்று நமக்கே புரிந்துவிடுகிறது. அந்த எட்டு நிமிஷத்தில் அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இராது. அதற்காகத்தான் கூட்டிப்போனேன்.

இன்று அந்தக் காட்சியே வரவில்லை.

படம் முடிந்ததும் ஆபரேட்டரிடம் ஓடினேன். நாகர்கோவில்காரர்.

"கரண்ட் போயி லேட்டாயிட்டு சாரே. அதுல ஆரும் ஒண்ணும் பேசலைல்லா? அதான் வெட்டி ஓட்டினேன். கதைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

வீடு திரும்ப ஏறிய கிழக்கேகோட்டை பஸ்ஸில் அண்ணா கைஜாடையில் கேட்டான்: "நடுவுல கொஞ்சம் கண்ணசந்துட்டேன். அப்பத்தான் நீ சொன்ன சீன் வந்துதா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன செய்ய?

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி போலாம். சத்தியமா தூங்கமாட்டேன்."

இந்த ஊரில் கரண்ட் போகாத தியேட்டர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.