ரம்லத் டீச்சரின் வெள்ளி மோதிரம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் கணக்கு டீச்சர். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லை. இது 2003-இல் உத்தமபாளையத்தில் எனக்கே நடந்தது.

என் பெயர் சுகிர்தம். நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கு ரம்லத்தான் தலைமையாசிரியை. இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பி.எட்.டில் அவளைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். ஆனால் கோம்பையிலிருந்து லோயர் கேம்ப் வரை யாரைக் கேட்டாலும் "ரம்லத் டீச்சர் ஸ்கூல்" என்பார்கள். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடு வீடாகப் போய், பெற்றவர்களிடம் சண்டை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் அவள். சரி, வந்த பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தது யார்? நூற்றுக்கு நூறு வாங்க வைத்தது யார்? அதை ஒருத்தரும் கேட்டதில்லை.

அவள் மாரடைப்பில் போனபோது கடைவீதி முழுக்க ஷட்டரை இறக்கினார்கள். நான் செத்தால் ஒரு டீக்கடைக்காரன்கூடக் கடையை மூட மாட்டான். வயிறு எரிந்தது. ஆமாம், செத்தவள் மேல்தான்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளி மேடையில் யார் பேசுவதாக இருந்தாலும், முதலில் அவள் அறைக்குப் போய், அவள் முன்னால் நின்று பேசிக் காட்ட வேண்டும். பிள்ளையோ டீச்சரோ, யாருக்கும் விலக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மனசில் இல்லாத வார்த்தை வந்தால் போதும், விரலில் கிடக்கும் வெள்ளி மோதிரத்தால் மேசையைத் தட்டுவாள். டொக். அந்த வரியை எடுத்துவிட வேண்டும். மைக் முன்னால் நின்றாலும் அந்த மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

அவளுக்கு நினைவுக் கூட்டம் ஒரு சாயங்காலம் நடந்தது. கடைசிப் பேச்சு என்னுடையது. அது முடிந்ததும், புதுத் தலைமையாசிரியை யார் என்று தாளாளர் பக்கீர் முகம்மது அறிவிப்பதாக ஏற்பாடு. சீனியர் நான்தான். ஆனால் ரம்லத்திடம் படித்து அங்கேயே டீச்சரான ஷர்மின் பெயரும் அடிபட்டது. அந்தச் சின்னப் பெண்ணா? அந்த நாற்காலிக்காக நான் இருபது வருஷம் காத்திருந்தேன்!

மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் பேச வேண்டும். எழுந்தேன். பழக்க தோஷம்... கால் தானாக அவள் அறைப் பக்கம் திரும்பிவிட்டது.

வாசலில் வாட்ச்மேன் அய்யாத்துரையின் கோம்பை நாய் நின்றது. ரம்லத்துக்கு மட்டும்தான் அது வாலாட்டும். என்னைக் கண்டாலே பல்லைக் காட்டும். அன்றைக்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலி அறைக்குள் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தேன். ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் கை கட்டி நின்று பேச ஆரம்பித்தேன். என்ன கூத்து இது!

"ரம்லத் டீச்சர் எனக்குக் கூடப்பிறக்காத சகோதரி..."

டொக்.

பல்லியாக இருக்கும். மறுபடியும் அதே வரியைச் சொன்னேன்.

டொக்.

மேசை மேல் ஒன்றுமில்லை. அடுத்த வரிக்குத் தாவினேன்.

"அந்தப் பதவிக்கு நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதே..."

டொக். டொக்.

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஆமாடி, பொறாமைதான்! செத்தும் தொலைய மாட்டியா? அந்த நாற்காலி எனக்கு வேணும்!"

சத்தமே இல்லை. மேசையில் தட்டு விழவில்லை.

நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது... யாரோ எழுந்திருப்பதுபோல.

என்னை உரசிக்கொண்டு ஒரு சேலை போனது. கதவு திறந்தது. சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. நாய் குஷியாகக் குரைத்துக்கொண்டு ஹால் பக்கம் ஓடும் சத்தம்...

கதவை இடித்தேன். "யாராச்சும் திறங்களேன்!"

ஒருவரும் வரவில்லை.

ஹாலில் மைக்.

டொக்... டொக்...

பேச்சு தொடங்கியது.

அது என் குரல்.

வார்த்தைகள் எனக்கு விளங்கவில்லை. ஹால் முழுக்க அழுவது மட்டும் கேட்டது. பிறகு கைதட்டல். சற்றுப் பொறுத்து இன்னொரு கைதட்டல். அது ஓயும்போது தாழ்ப்பாள் தானாக விலகியது. வெளியே ஆளில்லை. ஹாலுக்கு ஓடினேன்.

பக்கீர் முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டே எதிரில் வந்தார்.

"என்னமாப் பேசிட்டீக டீச்சர்! ரம்லத் டீச்சரே வந்து பேசுன மாதிரி இருந்துச்சு. இம்புட்டுப் பெரிய மனசு யாருக்கு வரும்?"

"நான்... என்ன பேசுனேன்?"

"நல்லாக் கேட்டீக, போங்க! எனக்கு அந்த நாற்காலி வேணாம், ஷர்மினுக்குக் குடுங்கன்னு நீங்கதான சொன்னீக? இப்பத்தான் அறிவிச்சேன்."

மேடையில் ஷர்மினுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மேடையில் என்னைத்தான் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நான் பேசவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? நாற்காலியும் வராது, கிடைத்த பெயரும் போகும். பேசாமல் நின்றேன். என் பெயரில் ஊர் இன்றைக்கும் நினைத்திருக்கும் ஒரே நல்ல பேச்சு அதுதான். அதையும் அவளே பேசிவிட்டாள்!

அடுத்த வாரம் ரம்லத்தின் மகள் நிலோபர் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், மைக்கத் தட்டுனப்ப உங்க விரல்ல கெடந்துச்சே ஒரு மோதிரம்... அது எங்க அம்மாவோடது."

"எங்கிட்ட மோதிரமே கிடையாதும்மா. நான் போடுறதே இல்ல."

அவள் என் கையையே பார்த்தாள்.

"எனக்கும் அதுதான் புரியல டீச்சர். அம்மா மையத்தக் குளிப்பாட்டுறப்ப விரல் வீங்கிப் போயிருந்துச்சு. கழட்ட முடியல. வெட்டி எடுக்க யாருக்கும் மனசு வரல. அதோடதான் அடக்கம் பண்ணுனாக."

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். நடந்ததை நடந்தபடி எழுதி, இப்போது என் வீட்டு மேசையில் வைத்து, வாய்விட்டு ஒரு முறை வாசித்தும் பார்த்தேன். எந்த வரியிலும் தடங்கல் இல்லை. முடிவாக ஒரே ஒரு வரி சேர்த்து, அதையும் வாசித்தேன்.

இப்போது எனக்கு ரம்லத் மேல் பொறாமை இல்லை.

டொக்.