வாசித்தும் சொல்லாத பெயர்

எழுபத்தைந்து வயதில் நான் சொன்ன ஒரு பொய்யை இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் வேலை பார்த்தவன் என்பதால் பழைய உறுதிகளின் கையெழுத்து எனக்கு வாசிக்க வரும். இப்போது ஜேர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் தெருவில் இருக்கும் தாதி சுகந்தி, அடிமைகளாக இருந்த தன் முன்னோரை மூன்று வருடமாகத் தேடுகிறார். சுவடிகள் காப்பகத்திலிருந்து எடுப்பித்த ஒரு சீதன உறுதியின் பிரதியை என்னிடம் கொண்டுவந்தார்.

காணி, மாடுகளுக்குப் பிறகு, ‘வள்ளி, அவள் பிள்ளைகள் இருவர்’ என்று இருந்தது. அவர்களைச் சீதனமாகக் கொடுத்தவர் என் பூட்டனாரின் தகப்பன்.

“எழுத்து அழிஞ்சு போச்சு பிள்ளை, வாசிக்க ஏலாது” என்றேன்.

“இதுதான் ஐயா கடைசித் தாள். இனி நான் தேடப்போறேல்லை” என்று மடித்து வைத்தார்.

இரண்டு நாள் நித்திரை இல்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வெட்கத்தில் மறைத்துவிட்டேன் என்றேன்.

“உங்களுக்கு வெட்கப்படவாவது ஒரு பரம்பரைப் பேர் இருக்கு. எங்கட ஆக்களை எசமானின்ர பேருக்குக் கீழதானே எழுதினவை? அந்தப் பேரை மறைச்சா நாங்கள் எங்க போய்த் தேடுறது?” என்று கேட்டார்.

அன்றே எங்கள் குடும்ப உறுதிகள் முழுவதையும் அவரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வாசிக்கிறோம். வேறு யார் தாள் கொண்டுவந்தாலும், அடிமைகளைக் கொடுத்தவர் பெயரைத்தான் முதலில் உரக்க வாசிக்கிறேன். அவர் என் குடும்பத்தவர் என்றால், அதையும் சொல்லிவிடுகிறேன்.