மூன்றாவது ஓட்டை

எண்பதுகளில் நான் டைப்பிஸ்டாக இருந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். டாக்டர் பேச்சைக் கேட்டு ஒரு வருடம் கேழ்வரகுக் கூழும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்து பாதி ஆளாக இளைத்தவர். பழைய சட்டை இன்னொருவரும் நுழையலாம் போலத் தொளதொளவென்று ஆடும். இளைக்க இளைக்க, தன் பெல்ட்டில் தானே புது ஓட்டை போட்டுக்கொண்டார். மொத்தம் ஐந்து.

ஆனால் கொஞ்ச நாளில் பெல்ட் மூன்றாவது ஓட்டைக்குத் திரும்பி, அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் கண்ணை மூடி வாசனை பிடிப்பார். அவசரமே இல்லாமல் சாப்பிடுவார். போதுமென்று தோன்றினால் மீதியை என் பக்கம் தள்ளிவிடுவார்.

"இன்னா மாஸ்டர், கஷ்டப்பட்டு இளைச்சிட்டு மறுபடியும் பிரியாணியா?" என்றேன் ஒருநாள்.

"அஞ்சாவது ஓட்டைல இருந்தப்போ இந்த வாசனை வந்தாலே பேஜாரா இருக்கும் சார். வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சி விழுவேன். மூணாவதுக்கு வந்தப்புறம்தான் சிரிக்கிறேன். ரெண்டு வருசமா இந்த ஓட்டைலதான் இருக்கேன்!"

நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று, ஓட்டையே இல்லாத புது பெல்ட் ஒன்றைக் கொடுத்தார். உடனே இடுப்பில் சுற்றி அளவு பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல சாப்டுங்க சார். வயிறு நெறையட்டும், அப்புறம் ஓட்டை போட்றேன்."