வலதுகோடிக் கட்டைகள்

என் கணவர் கீபோர்டு வாங்கிவந்த அன்று நான் அவரோடு பேசவில்லை. கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பை மூடி, அவரையும் சேர்த்து அதில் இருந்தவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பியிருந்தார்கள். இனி வீடு எப்படி நடக்கும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, மனிதர் யாரிடமும் சொல்லாமல் பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய், ஓர் ஆள் படுக்கிற நீளத்தில் அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். நான் கதவை மட்டும் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள், மாப்பிள்ளை காவேரிப்பட்டினத்தில் ஒரு கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்று. அதை ஒரு குறையாகத்தான் சொன்னார்கள். "இப்பல்லாம் அது இல்லைங்க, ஓசூர்ல கம்பெனிக்குப் போறான்" என்று மாமியார் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாசித்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் ஓரத்தில் விரல்கள் தானாக ஓடும், அவ்வளவுதான்.

பாகலூர் ரோட்டில் ஒரு கச்சேரிக் குழு இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போய்ப் பாடுவார்கள். அவர்களுடைய கீபோர்டுக்காரர் துபாய்க்குப் போய்விட்டாராம். குழுவை நடத்துகிறவர், "மேடைக்கு ஆவற மாதிரி சொந்தமா ஒண்ணு இருந்தா ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வாங்கண்ணா, வாசிச்சுக் காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் கேட்டைத் திறக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அதனால் என் கோபத்தைப் பாத்திரங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. அவர் காலையிலேயே குளித்து, பெருக்கல் குறி போல விரியும் ஸ்டாண்டை முன்னறையில் நிறுத்தி, ஸ்குரூவெல்லாம் முடுக்கி, கீபோர்டை அதன் மேல் வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தார். அடாப்டரைச் செருகி சுவிட்சைப் போட்டதும் விளக்கெல்லாம் எரிந்தது. இரண்டு கைகளாலும் கட்டைகளை ஓங்கி அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்பீக்கரே கெடையாதாம். மேடையில பெரிய செட்டுல சேத்துக்கணுமாம்" என்றார்.

"தேடிப் புடிச்சு வாயில்லா ஜீவனா வாங்கியாந்தீங்களா?" என்றேன். பேசக்கூடாது என்று இருந்ததை மறந்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார். செல்போன் கடைக்குப் போய் இரண்டு பக்கமும் பொருந்துகிற ஒயர் வாங்கிவந்து, டிவிக்கு வைத்திருந்த ஸ்பீக்கரில் மாட்டினார். சத்தம் வந்தது.

நடுவில் உள்ள கட்டைகளில்தான் தொடங்கினார். இத்தனை வருடம் இரும்புத் தகட்டைத் தூக்கித் தூக்கி வைத்த விரல்கள், முதலில் மடங்க மாட்டேன் என்றன. தப்பினால் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தார். பிறகு ஏதோ பிடிபட்டுவிட்டது. கல்யாண வீட்டில் பெண்ணை அழைத்துவரும்போது வாசிப்பார்களே, அந்த மாதிரி ஒன்று வந்தது. நான் கரண்டியோடு வந்து நின்றுவிட்டேன். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி. இந்த மனுஷனுக்கு இது வரும் என்று ஒரு நாளாவது நான் நம்பியிருக்கிறேனா?

வாசித்துக்கொண்டே வலது பக்கம் போனவர் சட்டென்று நின்றார். கடைசியில் இருக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி மாட்டினார். ஹெட்போன் போட்டுப் பார்த்துக் கழற்றினார்.

"இந்தப் பக்கம் சத்தமே வரல பாரு. கட்டை மட்டும் டொக்கு டொக்குங்குது. உள்ள செத்துக் கெடக்குது."

சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரோடு மறுபடி சேர்த்து, தட்டிக் காட்டினார். டம்ளர் விளிம்பில் ஸ்பூன் பட்டது போல டிங், டிங் என்று எனக்கு அத்தனையும் கேட்டது. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் எழுந்து நிறுத்தாத மனிதர் அவர். கொழுப்பு என்று நினைத்து எவ்வளவு கத்தியிருக்கிறேன். அவர் வைக்கிற டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவார்கள், அதற்கும் கத்துவேன்.

"உனக்குக் கேக்குதா?" என்றார்.

"இல்லீங்க."

வேறு என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது. "அப்பாடா. ரிஜெக்‌ஷன் பீஸைத் தள்ளிவுட்டுட்டான், மாத்திக்கலாம்" என்று அப்போதே கடைக்கு வீடியோ கால் போட்டார். கடைக்காரப் பையன் கன்னடம் கலந்த தமிழில், போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தக் கட்டைகளை வாசிக்கச் சொன்னான். வாசித்தார்.

"நல்லா கேக்குதே சார். லாஸ்ட் கீ வரைக்கும் கிளியரா இருக்குது."

"என்னா?"

"கிளியரா கேக்குது சார்."

அவர் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சரிப்பா" என்று மட்டும் சொல்லி போனை கட் செய்தார்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டைகளைத் துண்டால் துடைத்தார். பிறகு யார் கதையையோ சொல்வது போலச் சொன்னார். "வருசா வருசம் கம்பெனில காது டெஸ்ட்டு வெப்பாங்க. கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டுவாங்க. சத்தம் கேட்டா கை தூக்கணும். வெளிய டெஸ்ட்டு வெக்கிற அம்மா பட்டனை அமுக்கறது கண்ணாடியில தெரியும். வெரலு அசைஞ்சா கை தூக்கிருவோம். ஷாப்புல எல்லாருமே அப்படித்தான். கேக்கலன்னு எழுதிட்டா பிரஸ்ஸ வுட்டு எடுத்துருவாங்க, ஓ.டி. காசு போயிரும். எனக்கு எல்லா வருசமும் நார்மல்னுதான் குடுத்தாங்க."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"நீ வந்து இங்க உக்காரு" என்று எழுந்தார். "அந்தக் கோடியில இருந்து ஒண்ணொண்ணா அமுக்கிக்கிட்டே வா. நான் கண்ண மூடிக்கறேன். கேட்டா கை தூக்கறேன். எங்க இருந்து கேக்குதுன்னு தெரிஞ்சா அதுக்குக் கீழயே வாசிச்சுக்குவேன். கச்சேரில யாரு இதெல்லாம் பாக்கப் போறாங்க? ஆனா இந்த வாட்டி பொய் சொல்லக்கூடாது."

என் வாழ்நாளில் இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. கோடியில் இருந்த கட்டையை அமுக்கினேன். டிங் என்றது. எதிரே நாற்காலியில் கண்ணை மூடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை முழங்காலில் இருந்தது. அடுத்ததை அமுக்கினேன். அதற்கடுத்ததை. கறுப்பையும் விடவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிவைத்து அமுக்கினேன், என் காது கூசியது. அவர் புருவத்தைச் சுருக்கிக் காத்திருந்தார். எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டேன் என்று பார்த்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது அவர் கையைத் தூக்கினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"தோ, இது கேக்குது. சன்னமா, ஊய்ன்னு."

"நான் ஒண்ணும் அமுக்கலீங்க" என்றேன். ஸ்பீக்கரும் சும்மாதான் இருந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையையும் இறக்கவில்லை.

"இல்ல புள்ள, வருது" என்றார். "இப்பக்கூட வருது."