அஜ்மான் வழக்கைத் துபாயில் போட்டது யார்?

போன வியாழக்கிழமை காலை ஷார்ஜாவிலிருந்து துபாய் தேராவுக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அலுவலகக் குழுவில் செய்தி வந்தது: ‘நம்ம சதக் காக்கா ஊர்ல மவுத்தாயிட்டாங்க.’ இறந்துவிட்டாரா என்று மூன்று முறை படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன்தான் காக்கா விசாவை ரத்து செய்துவிட்டுக் கீழக்கரைக்குப் போனார். அதற்குள்ளா!

தேராவில் எங்கள் சட்ட அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர், அவர் பி.ஆர்.ஓ. மனுவை நான் தயார் செய்வேன், அவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார். பதினாறு வருடம் எதிரெதிர் மேஜை. கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தினமும் சண்டைதான். ‘தங்கச்சி, கேஸ் கிடக்கட்டும். முதல்ல வாசல் எதுன்னு கேளுங்க’ என்பார். ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. துபாய், அபுதாபி, ராஸ் அல் கைமா மூன்றுக்கும் சொந்த நீதிமன்றங்கள். அஜ்மான் போன்ற இடங்கள் நாட்டுக்கே பொதுவான கூட்டாட்சி நீதிமன்றங்களின் கீழ் வருகின்றன. காரில் அரை மணி நேரம்தான். ஆனால் அங்கே போடவேண்டிய வழக்கை இங்கே போட்டால் நாள்தான் வீணாகும்.

செல்வி வழக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை பாதிதான் சரி. மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வி அஜ்மானில் பள்ளி ஆசிரியை. வேலை போய்விட்டது, விசா முடிய மூன்று வாரம்தான் இருந்தது. பிரிந்துபோன கணவர் ஆறு வயது மகளின் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டார். நீதிமன்றம் உத்தரவு போடாவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டு அவள் மட்டும் விமானம் ஏற வேண்டும். அவசர மனு. ‘கணவர் எங்கே இருக்கார்?’ என்று கேட்டேன். ‘துபாய்லதான் மேடம்’ என்றாள். அவர் விசாவிலும் துபாய் என்றே இருந்தது. இங்கே எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்? அஜ்மானில் குடியிருப்பவனும் ஊருக்குப் போன் போட்டால் துபாயில் இருப்பதாகத்தான் சொல்வான்.

காக்கா மட்டும் நம்பவில்லை. ‘விசா எங்கேயும் இருக்கட்டும், தங்கச்சி. மனுஷன் எங்க தூங்குறான், எங்க வேலை பார்க்குறான்னு கேட்டீங்களா?’

‘உங்க வேலையைப் பாருங்க காக்கா’ என்றேன். என் கொழுப்பு.

ஒன்பதாவது நாள் துபாய் நீதிமன்றம் மனுவைத் திருப்பியது. கம்பெனி உரிமம் மட்டும்தான் துபாய். அந்த ஆளின் வேலை, வீடு, மனைவி, பிள்ளை எல்லாமே அஜ்மான். மேலாளர் ஃபைலை மேஜையில் அடித்தார். ‘யார் பார்த்த வேலை இது?’

நான் மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினேன். அந்த மாதம்தான் என் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில்.

‘நான்தான் சார். விசாவைப் பார்த்துட்டு துபாய்னு சொல்லிட்டேன்’ என்றார் காக்கா.

மேலாளர் அந்த வழக்கையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். மறுநாள் காக்கா லீவு போட்டார். ஊருக்குப் போக வைத்திருந்த லீவு அது. தினமும் காலையில் செல்வியைக் கூட்டிக்கொண்டு அஜ்மான் நீதிமன்றத்துக்குப் போனார், கவுண்டர் திறக்கும் முன்பே. விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றைக்கே தாயும் மகளும் ஊருக்குப் போனார்கள்.

அப்புறம்தான் கேலி தொடங்கியது. ‘அஜ்மானைத் துபாயோட சேர்த்து வச்ச மகராசன்!’ வருடக்கணக்காக ஓட்டினோம். நோன்பு திறக்க உட்கார்ந்தால்கூட அதே பேச்சு. அவரும் சிரிப்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு முறை மட்டும் தனியாகக் கேட்டேன், ஏன் காக்கா அப்படிச் செய்தீர்கள் என்று. பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: ‘என்னை அனுப்பினா நான் ஊர்ல போய் மீன் வாங்கித் தின்னுக்கிட்டு இருப்பேன். உங்களை அனுப்பினா புள்ளைங்க படிப்பு பாதியில நிக்கும். கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுங்க.’ அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டே, ‘உங்களுக்கே சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. என் வாயில வராது’ என்றார்.

தோன்றியது காக்கா. உங்கள் பிரிவு விருந்தில் எழுந்தே நின்றுவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ‘நல்லபடியா போயிட்டு வாங்க’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

நினைவாக அவர் பேனா வேண்டுமா, கைப்பை வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவரிடம் என்னுடையது ஒன்று இருந்தது. அதை இப்போது வாங்கிக்கொள்கிறேன். அந்த மனுவைத் துபாயில் போட்டது நான், வசந்தி. இனி யார் அந்தக் கேலியைச் சொன்னாலும் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.