குழாயடியில் இதயம்

எங்கள் வீட்டில் இதயம் குழாயடியில் இருக்கிறது. என் அக்கா மகள் அங்கே நின்று பாடத்தை ஆரம்பித்து, நுரையீரலைச் சொல்லிக்கொண்டே ஜன்னல்வரை நடப்பாள். கல்லீரலுக்கு அலமாரியைத் தொடுவாள். என் தையல் மிஷினைச் சுற்றி வரும்போது சிறுநீரகம் முடிந்திருக்கும். ஒரு பாராவுக்கு ஓர் இடம். இடம் மாறினால் பாடம் மறந்துவிடுமாம்; அலமாரியை நகர்த்தக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

கல்லூரியில் முதல் வருஷம்; எங்களோடு தங்கிப் படிக்கிறாள். வாய் ஓயாததால் என் வீட்டுக்காரர் வைத்த பெயர் ரேடியோ. காலையில் துண்டும் கையுமாக அவர் காத்து நிற்பார்.

"ரேடியோ, உன் இதயத்தைக் கொஞ்சம் நகர்த்தினா நான் பல்லு தேய்ச்சுக்குவேன்."

"இருங்க சித்தப்பா, இன்னும் ரெண்டு வால்வு பாக்கி."

பாதி பின்னிய சடையில் சீப்பு செருகியபடியே இருக்கும். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி, செருப்பில் ஒன்று மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. எந்த வகுப்பு நடக்கும், எது நடக்காது என்று நம்ப முடியாமல் எல்லாப் புத்தகத்தையும் தினமும் சுமந்துகொண்டு போவாள். கல்லூரியில் நடப்பதெல்லாம் அவளுக்கு அதிர்ச்சிதான். "சார் உள்ளே வந்தா யாருமே எழுந்து நிக்கறதில்லை சித்தி. நான் மட்டும் நின்னேன். வெளியே போகணுமான்னு கேட்டார்."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படிப்பு என்றால் இப்படித்தான் என்று நானும் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் முதல் மார்க் வாங்கியதும் இப்படி நடந்துதான்.

முதல் தேர்வு முடிந்ததும், பெரியவர்கள் யாராவது வர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லி அனுப்பினார்கள். அக்கா வெளியூரில், இவருக்கு வேலை. நான் அவளோடு போனேன். அறை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே ஏதேதோ மிதந்துகொண்டிருந்தன. நான் என் மடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

என்னைவிட வயது குறைந்த பேராசிரியை, விடைத்தாளையும் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்று. நடுவில் "படம் நான்கைப் பார்க்கவும்" என்றுகூட எழுதியிருந்தாள்.

"பார்த்து எழுதலைன்னு எப்படிம்மா நம்பறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணைத் திருடி என்கிறார். "அவ நடப்பாங்க" என்றேன்.

"என்னது?"

"நடந்தாத்தான் அவளுக்கு வரும்."

மூலையில் கை கழுவும் குழாய் ஒன்று இருந்தது. ரேடியோ அதன் அருகே போய் நின்று ஆரம்பித்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஜாடிகளுக்கு நடுவே நடந்தாள். "படம் நான்கைப் பார்க்கவும்" கூட வந்தது. வரிக்கு வரி ஓடிக்கொண்டிருந்த பேராசிரியையின் விரல் பாதியில் நின்றுவிட்டது.

"சரி. நீ காப்பியடிக்கலை."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் அவர் விடவில்லை. "இதயத்துல இடது கீழறைச் சுவர் வலதைவிடத் தடிமன்னு சொன்னியே. ஏன்?"

குழாயடிக்குப் போய் முதலிலிருந்து சொன்னாள். அந்த வரி வந்ததும் நின்றாள். மறுபடியும் போனாள். அதே வரியில் நின்றாள்.

"அது புக்குல இல்லையே மேடம்."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

திருடி என்று அவர் நினைத்தபோதுகூட அவள் முகம் அப்படி வெளிறவில்லை.

"வெள்ளிக்கிழமை வா. உட்கார்ந்து, உன் வார்த்தையில சொல்லு. சொன்னா இந்த மார்க் உனக்கு. இல்லேன்னா சைபர்தான்."

அன்றிலிருந்து ரேடியோ பேசவில்லை. குழாயடி காலியாகவே கிடந்தது. தடையில்லாமல் பல் தேய்த்துவிட்டு வந்த இவர், "வீடு என்னமோ மாதிரி இருக்கே" என்றார். புத்தகம் அவள் மடியில் விரித்தபடி இருக்கும். அவள் பார்வை சுவரில் இருக்கும்.

நாளை வெள்ளிக்கிழமை. இன்று மாலை என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்துவிடக் கூடாது என்று இரண்டு பாதங்களையும் ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் கோத்துக்கொண்டாள்.

"மிஷினை நிறுத்துங்க சித்தி. நான் சொல்றது உங்களுக்குப் புரியுதான்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு மட்டும் அனுப்புது. அது பக்கத்து வீடு மாதிரி. இடது பக்கம்..." வியர்த்திருந்தாள். "இடது பக்கம் தலையிலேர்ந்து கால்வரைக்கும் அனுப்பணும். ஓங்கித் தள்ளணும். அதான் சுவர் அவ்வளவு தடிமன். புரியுதா?"

புரிந்தது. புரிந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை. "ராத்திரி பகலா தள்ளிக்கிட்டே இருந்தா, அதுக்கு ஓய்வே கிடையாதாடி?"

பாதங்கள் கட்டையிலிருந்து கழன்றன. எழுந்து குழாயடிப் பக்கம் ஓர் அடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இருங்க" என்று சொல்லி, உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கவனிக்க ஆரம்பித்தாள்.